கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் பிள்ளைகள்: மனநிலைக்கும் வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு?

பாடசாலைத் தவணை தொடங்குவதற்கு முந்திய வாரம் மகனுக்குச் சப்பாத்து வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். நல்ல சனம். அளவு கேட்டால் பெட்டியை எடுத்துத் தர நின்ற பொடியன் என்னுடைய பழைய மாணவன். மூன்று வருடங்களுக்கு முன் சாதாரண தரம் எழுதியவன். என்னைக் கண்டதும் சலாம் சொன்னான், சிரித்தான். அடுத்த நொடியே முகம் பழையபடி ஆகிவிட்டது. பெட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சப்பாத்து காலுக்குப் பொருந்துகிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

காசு கட்டும்போது லாச்சிக்குப் பக்கத்தில் இருந்த ஹாஜியார் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். "சேர், இந்தக் காலத்துப் பொடியன்மாருக்கு வேலை செய்ய மனசில்ல. அவன்ட மொகத்தப் பாருங்க. இப்படி நிண்டா வந்த கஸ்டமரும் போயிடுவான். நீங்க ஸ்கூல்ல என்னத்தப் படிச்சிக் குடுத்த?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளைக்கு வியாபாரம் வராது என்று சொல்ல என்னால் முடியாது. நான் வணிகக் கல்வி படிப்பிக்கிறவன். அவன் 10 ஆம் தரத்தில் இருந்தபோது பாடசாலையில் ஒரு சந்தை நடத்தினோம். தேசிக்காய்த் தண்ணீர் விற்றவன் அவன். போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு, கணக்கில் பிழை விடாமல், அதிபரையே இரண்டு கிளாஸ் குடிக்க வைத்துவிட்டான். அன்று அவனுடைய குழுவுக்குத்தான் கூடிய இலாபம். அதே பிள்ளை, அதே வாய். மூன்று வருடத்தில் என்ன நடந்தது?

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. எங்கள் பகுதிகளில் சாதாரண தரம், உயர்தரம் முடித்த ஆண் பிள்ளைகளில் பெரும் பங்கு போய்ச் சேருவது ஜவுளிக்கடை, சப்பாத்துக்கடை, கைத்தொலைபேசிக் கடை, ஹாட்வெயார், ஹோட்டல், சுப்பர் மார்க்கெட் ஆகியவற்றில்தான். கிழக்கிலிருந்து இரவு பஸ் ஏறினால் விடியும்போது புறக்கோட்டை. இப்போது பெண் பிள்ளைகளும் அபாயாக் கடை, பாமசி, தனியார் வைத்தியசாலை வரவேற்பறை என்று வேலைக்குப் போகிறார்கள். இவர்களைப் பற்றி நமக்குள் இரண்டு பேச்சுகள்தான் உண்டு. முதலாளிமார் "நிலைச்சி நிக்கிறாங்கல்ல" என்பார்கள். பெற்றோர் "பொறுமையா இருந்தா முன்னுக்கு வரலாம்" என்பார்கள். இரண்டுமே பிள்ளையின் குணத்தைப் பற்றிய பேச்சு. அவன் நிற்கும் இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சந்தோஷமாக வேலை செய்கிறவன் கூடுதலாக வேலை செய்வானா என்பது கேட்பதற்கு மிக எளிதான கேள்வி. "ஓம்" என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் ஆய்வாளர்கள் இந்த "ஓம்" என்ற பதிலுக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்தது. 1955 இல் அமெரிக்காவில் பிரேஃபீல்ட், குரொக்கெட் என்ற இருவர் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துவிட்டு, வேலைத் திருப்திக்கும் வேலைத் திறனுக்கும் இடையில் சொல்லத்தக்க தொடர்பு இருப்பதாகத் தெரியவில்லை என்றார்கள். அந்த எண்ணம் பல காலம் நின்றது. 2001 இல் திமத்தி ஜட்ஜும் அவருடைய குழுவினரும் 312 மாதிரிகளின் தரவுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது தொடர்பு உண்டு என்று தெரிந்தது. இணைவுக் குணகம் சுமார் 0.30. கணிதம் தெரிந்தவர்களுக்கு விளங்கும், இது மிகப் பெரிய எண் அல்ல, புறக்கணிக்கக்கூடிய எண்ணும் அல்ல.

ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. நன்றாக விற்கிறவனுக்குச் சந்தோஷம் வருவதும் இயல்புதானே? கொமிஷன் கிடைக்கிறது, முதலாளி முதுகில் தட்டுகிறார், முகம் மலர்கிறது. அப்படியானால் சந்தோஷம் விற்பனையைக் கூட்டியதா, விற்பனை சந்தோஷத்தைக் கூட்டியதா?

இதைப் பிரித்துப் பார்க்க ஒக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜான் இமானுவல் டி நெவே உட்பட மூன்று ஆய்வாளர்கள் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. பிரிட்டிஷ் டெலிகொம் நிறுவனத்தின் தொலைபேசி விற்பனை நிலையங்களில் வேலை செய்த சுமார் 1,800 பேரிடம் ஆறு மாத காலம் வாராவாரம் ஒரு கேள்வி அனுப்பினார்கள்: இந்த வாரம் உங்கள் மனநிலை எப்படி? பதில் எழுதத் தேவையில்லை. அழுகிற முகம் முதல் சிரிக்கிற முகம் வரை ஐந்து படங்கள், ஒன்றை அழுத்தினால் போதும். பிறகு அந்த வாரத்தில் அவர் விற்றது எவ்வளவு என்று பார்த்தார்கள்.

எது காரணம், எது விளைவு என்று அறிய அவர்கள் பிடித்துக்கொண்ட பொருள் ஜன்னல். இங்கிலாந்தின் வானம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். மழை மூடிய வாரங்களில், ஜன்னல் கூடிய கட்டடங்களில் இருந்தவர்களின் மனநிலை இறங்கியது. மனநிலையோடு சேர்ந்து அவர்களின் விற்பனையும் இறங்கியது. வெளியே பெய்யும் மழையை உள்ளே இருக்கும் விற்பனையாளர் கொண்டுவரவில்லை. ஆகவே மனநிலைதான் விற்பனையை அசைக்கிறது என்று சொல்ல அவர்களுக்குத் துணிவு வந்தது. 2019 இல் முடிவை வெளியிட்டார்கள். சந்தோஷமான வாரங்களில் சுமார் 13 வீதம் கூடுதலான விற்பனை.

இதில் முதலாளிமார் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சந்தோஷமான வாரத்தில் அவர்கள் கூடுதல் மணித்தியாலம் வேலை செய்யவில்லை. அதே நேரத்துக்குள் கூடுதலான அழைப்புகளை முடித்தார்கள், பேசிய அழைப்புகளில் கூடுதலானவற்றை விற்பனையாக மாற்றினார்கள். இரவு 9 மணிக்குக் கடை மூடுவதை 10 மணிக்குத் தள்ளிப்போட்டு நாம் தேடுகிற அந்த மேலதிக வியாபாரம், பகலில் நிற்கிற பிள்ளையின் முகத்துக்குள்ளேயே இருக்கிறது.

இங்கிலாந்தின் வோரிக் பல்கலைக்கழகத்தில் இன்னொரு பரிசோதனை நடந்தது. 2015 இல் வெளியானது. 700 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். வேலை மிகச் சாதாரணமானது: ஐந்து இரண்டிலக்க எண்களைக் கூட்ட வேண்டும், 10 நிமிடத்துக்குள் எத்தனை கணக்கு என்று பார்ப்பார்கள். வேலைக்கு முன் சிலருக்குச் சிரிப்புப் படத்தின் ஒரு துண்டைக் காட்டினார்கள், சிலருக்குப் பழமும் இனிப்பும் கொடுத்தார்கள். இப்படி மனம் மலர்ந்தவர்கள் சுமார் 12 வீதம் கூடுதலாகச் செய்தார்கள். ஒரு பிளேன்டீயின் பெறுமதி இவ்வளவா என்று யோசிக்கத் தோன்றும்.

ஆனால் எனக்கு நெஞ்சில் தைத்தது அந்த ஆய்வின் மற்றப் பகுதி. கடந்த இரண்டு வருடத்துக்குள் வீட்டில் மரணமோ கடும் நோயோ ஏற்பட்டவர்கள் அதே கூட்டல் கணக்கில் பின்தங்கியிருந்தார்கள். அவர்களுக்குக் கூட்டத் தெரியாமல் அல்ல. மனம் அங்கே இல்லை. 2022 இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கள் வீடுகள் எப்படி இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். வாப்பாவுக்கு மருந்து வாங்க வேண்டும், தங்கச்சியின் வகுப்புக் கட்டணம் நிலுவை, ஈடு வைத்த நகை மீளவில்லை. இவற்றையெல்லாம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிற 19 வயதுப் பிள்ளை சில்லறையைப் பிழையாக எண்ணிக் கொடுத்தால், சனத்துக்கு நடுவே "தூங்கிறியாடா?" என்று கேட்கிறோம்.

சிரிப்பும் ஒரு வேலைதான்

"சிரிச்ச முகமா நில்லு" என்று சொல்லாத கடை இல்லை. சிரிப்புக்குக் காசு இல்லை, ஆகவே அது இலவசமாகக் கிடைக்கும் பொருள் என்று நினைக்கிறோம். ஆர்லி ஹொக்ஷீல்ட் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1983 இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு ஒரு பெயர் வைத்தார். அதைத் தமிழில் உணர்ச்சி உழைப்பு என்று சொல்லலாம். மூட்டை தூக்குகிறவன் முதுகைக் கொடுக்கிறான். சேவைத் துறையில் நிற்கிறவன் தன் முகத்தையும் மனதையும் கொடுக்கிறான். அதுவும் தேய்கிற பொருள்தான் என்பது அவருடைய வாதம்.

அவர் இரண்டு வகையைப் பிரித்துக் காட்டுகிறார். உள்ளே எரிச்சலை வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் விரிப்பது ஒன்று. வந்தவரின் நிலையை நினைத்துப் பார்த்து, உள்ளத்தையே கொஞ்சம் திருப்பி, உண்மையாகவே கனிவாகப் பேசுவது மற்றது. பின்வந்த பல ஆய்வுகள் முதலாவது வகையை மனச் சோர்வோடும், வேலையை விட்டுப் போகும் எண்ணத்தோடும் சேர்த்தே கண்டிருக்கின்றன. வாடிக்கையாளருக்கும் அது தெரிந்துவிடுகிறது. பத்துச் சாறியை விரித்துக் காட்டிய பிறகும் "பரவாயில்ல சாச்சி, இன்னும் பாருங்க" என்று சொல்லும் பிள்ளையின் குரலில் எது உண்மை, எது பாடமாக்கியது என்று எங்கள் சாச்சிமாருக்கு விளங்காதா?

ஆசிரியனான எனக்கு இது புதிதில்லை. எட்டாம் பாடவேளையில், வெயில் தகரத்தில் அடிக்கும்போது, நானும் முதலாம் வகையைத்தான் செய்கிறேன். ஆனால் எனக்கு 1.30 க்கு மணி அடித்துவிடும். அவனுக்கு எப்போது மணி அடிக்கும் என்று அவனுக்கே தெரியாது.

இந்தத் தெரியாமைதான் விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் கெப் என்ற ஆடை நிறுவனம் 2015 நவம்பர் முதல் 2016 ஓகஸ்ட் வரை சன் பிரான்சிஸ்கோ, சிக்காகோ நகரங்களில் உள்ள 28 கடைகளில் ஒரு பரிசோதனைக்கு இடம் கொடுத்தது. அங்கேயும் கடையில் நிற்பவர்களுக்கு இன்று எத்தனை மணி வரை வேலை, நாளை வேலை உண்டா என்று கடைசி நேரத்தில்தான் தெரியவரும். ஆய்வாளர்கள் அதைச் சில கடைகளில் மாற்றிப் பார்த்தார்கள். தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் நாளுக்கு நாள் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். ஊழியர்கள் தங்களுக்குள் முறை மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். ஒரு தொகுதி ஊழியர்களுக்கு வாரத்தில் இவ்வளவு மணித்தியாலம் நிச்சயம் என்று வாக்குக் கொடுத்தார்கள். இப்படி மாற்றிய கடைகளில் விற்பனை 7 வீதம் உயர்ந்தது. ஒரு மணித்தியால உழைப்புக்குக் கிடைத்த விற்பனை 5 வீதம் கூடியது. ஆடைக் கடைகளுக்கு நல்ல காலமாக இல்லாத ஒரு காலத்தில் இது நடந்தது.

நம்முடைய கடைகளுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று பார்க்க அமெரிக்கா போகத் தேவையில்லை. காலை 8.30 க்கு வந்த பிள்ளைக்கு வீடு போகும் நேரம் முதலாளியின் வாய்க்குள் இருக்கிறது. வெளியே பத்துப் பேர் நின்றால் ஷட்டர் இறங்காது. பெருநாள் சீசனில் நடுநிசி தாண்டும். மேல்மாடியில் தங்கியிருக்கும் பொடியன்மாருக்கு இன்னும் மோசம், லொறி எப்போது வந்தாலும் இறங்கி வந்து சாமான் இறக்க வேண்டும். அஸருக்குப் போய்வரப் பத்து நிமிடம் கிடைக்குமா என்பது அன்றைய முகத்தைப் பொறுத்தது. இரவு பந்து விளையாட வருவேன் என்று கூட்டாளிகளுக்குச் சொல்ல முடியாது. ஆங்கில வகுப்பிலோ கணினி வகுப்பிலோ சேர முடியாது. நாளடைவில் அவன் எதையும் திட்டமிடாத ஆளாகிவிடுகிறான். அப்படிப்பட்டவனிடம் அடுத்த வருடம் மெனேஜராக வா என்றால் எப்படி வருவான்?

பெண் பிள்ளைகளுக்கு இது வேறு விதமாக வந்து விடிகிறது. ஆறரைக்கு முடியும் என்று நம்பி வாப்பா மோட்டார் சைக்கிளோடு சந்தியில் நிற்பார். எட்டு மணி ஆகும். மூன்று நாள் இப்படி நடந்தால் நான்காம் நாள் அந்தப் பிள்ளை வேலைக்கு வரமாட்டாள். "எங்கட புள்ளயள் வேலைக்கு வரமாட்டாங்க" என்று பிறகு நாம் சொல்லிக்கொள்கிறோம். வேலை பிடிக்காமல் நின்றவளை விட மணி தெரியாமல் நின்றவள்தான் எனக்குத் தெரிந்து கூட.

இத்தனைக்கும் நாட்டில் சட்டம் இருக்கிறது. 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி சாப்பாட்டு நேரம் நீங்கலாக ஒரு நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் என்றால் மேலதிக நேரக் கொடுப்பனவு ஒன்றரை மடங்கு, அதுவும் வாரத்துக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் சம்பளத்தோடு விடுமுறை. முதல் வருடம் முடிந்த பின் வருடாந்த விடுமுறை 14 நாள், அமய விடுமுறை 7 நாள். வேலைக்குச் சேரும்போதே பதவி, சம்பளம் போன்ற விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்துக்கு 70 வயது கடந்துவிட்டது. என்னுடைய மாணவர்களில் கடைக்குப் போனவர்களிடம் கேட்டுப் பார்த்தேன், எழுத்தில் ஏதாவது வாங்கியதாகச் சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

உட்கார ஒரு ஸ்டூல்

ஆசிரிய கலாசாலையில் எங்களுக்குக் கல்வி உளவியலில் மாஸ்லோவைப் படிப்பித்தார்கள். பசியோடு இருக்கும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை 1943 இல் அவர் எழுதிய தேவைப் படிநிலையை வைத்து விளக்குவோம். அதே புத்தகத்தில் சில பக்கங்கள் தள்ளி ஹேர்ஸ்பேர்க் இருந்தார். பரீட்சைக்கு வராது என்று நாங்கள் பாய்ந்து போன பக்கம். பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. 1959 இல் அவர் சொன்னது இதுதான்: வேலையில் மனிதனை வெறுப்படைய வைக்கும் விடயங்கள் ஒரு வரிசை, அவனை உற்சாகப்படுத்தும் விடயங்கள் வேறொரு வரிசை. சம்பளம், வேலை நேரம், இடத்தின் வசதி, மேற்பார்வை செய்பவரின் நடத்தை ஆகியவை முதல் வரிசை. இவை சரியாக இருந்தால் ஒருவன் துள்ளிக் குதிக்கமாட்டான், ஆனால் பிழைத்தால் கட்டாயம் வெறுப்பான். பாராட்டு, பொறுப்பு, கற்றுக்கொள்ளல், முன்னேற்றம் இரண்டாவது வரிசை.

நம் முதலாளிமார் பலர் நல்ல மனதோடு செய்வது இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று. வருடத்துக்கு ஒருமுறை நுவரெலியாவுக்குப் பஸ் பிடிப்பார்கள், வழியில் புரியாணி, எல்லோருக்கும் ஒரே நிறத்தில் டீ சேர்ட். பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள்தான். திங்கட்கிழமை கடை திறந்ததும் பழைய கதை. காலில் வீக்கம் இருக்கிறவனுக்கு டீ சேர்ட்டால் என்ன பயன்?

கால் என்றதும் நினைவு வருகிறது. ஆள் இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது என்பது பல ஜவுளிக்கடைகளில் எழுதாத சட்டம். உட்கார்ந்தால் சோம்பேறித்தனமாகத் தெரியுமாம். கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைகளில் வேலை செய்த பெண்கள் இதை எதிர்த்து வருடக்கணக்காகப் போராடினார்கள். 2018 இல் அந்த மாநிலம் கடை ஊழியர்களுக்கு உட்கார வசதி கொடுக்க வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. 2021 இல் தமிழ்நாடும் அப்படியொரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதன் பிறகு அங்கே ஜவுளி வியாபாரம் படுத்துவிடவில்லை. ஒரு ஸ்டூலுக்குச் சட்டம் வேண்டியிருக்கிறது என்பதுதான் வெட்கம்.

முதலாளிமார் பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னுடைய மச்சான்மார் இருவர் கடைக்காரர்கள், இந்தக் கட்டுரையை வாசிப்பார்கள். கடை வாடகை ஏறியிருக்கிறது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதம். மின்சாரக் கட்டணம் ஒரு பக்கம், ஒன்லைனில் வாங்கும் சனம் மறுபக்கம். பழக்கி எடுத்த பிள்ளை கடவுச்சீட்டு வந்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடுகிறான். 2022 இல் மாத்திரம் 3 இலட்சத்துக்கும் அதிகமான இலங்கையர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். இந்த நிலையில் ஸ்டூலையும் நேர அட்டவணையையும் பற்றி ஒரு வாத்தியார் வந்து பேசினால் எரிச்சல் வரத்தான் செய்யும்.

அந்த எரிச்சலுக்குக் கணக்கால் பதில் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு பிள்ளைக்கு மாதம் 40,000 ரூபாய் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக வந்தவன் துணியின் வகை, விலை, அடுக்கு, வாடிக்கையாளரின் முகம் எல்லாம் பிடிபட மூன்று மாதம் எடுக்கும். அந்த மூன்று மாதமும் பாதி வேலைதான் நடக்கும் என்றால், 60,000 ரூபாய் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. வருடத்துக்கு நாலு பேர் மாறினால் 240,000 ரூபாய். பழக்கிக் கொடுக்கும் மூத்த ஊழியரின் நேரமும், பிழையாக வெட்டிய துணியும் இதில் சேரவில்லை. எந்தக் கடையின் செலவுப் புத்தகத்திலும் இந்த வரி இருக்காது. ஆகவே இது செலவே இல்லை என்று நினைக்கிறோம். என் மாணவர்களும் பெறுமானத் தேய்வை எழுத மறந்துவிட்டு இலாபம் கூட வந்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள், அதே பிழைதான்.

ஊழியர் சேமலாப நிதியையும் இதே கண்ணால்தான் பார்க்கிறோம். 40,000 ரூபாய் சம்பளத்தில் பிள்ளையின் 8 வீதம் 3,200, முதலாளியின் 12 வீதம் 4,800. ஒரு வருடத்தில் அவனுடைய பெயரில் 96,000 ரூபாய் சேருகிறது. ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் 3 வீதம் வேறு, அது வருடத்துக்கு 14,400. தன் பெயரில் ஒரு தொகை வளர்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு அந்தக் கடை ஒரு தொழில். தெரியாதவனுக்கு அது பஸ் வரும் வரை நிற்கும் தரிப்பிடம். பலர் "கையில முழுசா தாங்க, அது வேணாம்" என்று பிள்ளைகளே கேட்கிறார்கள் என்பார்கள். கேட்பது உண்மைதான். 18 வயதில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். ஆனால் அவன் வேண்டாம் என்றாலும் முதலாளியின் கடமை சட்டப்படி நீங்காது.

இனி என்னுடைய பிழை. நன்றாகப் படிக்கக்கூடிய ஒரு மாணவன், குடும்ப நிலையால் உயர்தரத்தை இடையில் விட்டுவிட்டுக் கொழும்பில் ஒரு கடைக்குப் போனான். ஆறாம் மாதம் ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அழைத்தான். "சேர், வேலைய விட்டுட்டு வரட்டா?" என்றான். நான் தூக்கக் கலக்கத்தில் இருந்தேன். "பொறுமையா இரு மகன், எல்லா இடத்திலயும் கஷ்டம்தான்" என்றேன். "சரி சேர்" என்று வைத்துவிட்டான். எத்தனை மணிக்கு வேலை முடிகிறது, சம்பளம் எத்தனையாம் திகதி வருகிறது, சாப்பிட்டானா என்று ஒன்றுமே நான் கேட்கவில்லை. அவனுக்கு அறிவுரை தேவையிருக்கவில்லை, யாராவது விபரம் கேட்க வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் அவன் அங்கே இல்லை. சாமான் ஒன்று குறைந்ததற்குச் சம்பளத்தில் வெட்டினார்கள் என்றும், அதை எல்லோருக்கும் முன்னால் சொல்லித் திட்டினார்கள் என்றும் பிறகு அவனுடைய உம்மா சொல்லித்தான் தெரியும்.

இப்போது அவன் கத்தாரில் ஒரு சுப்பர் மார்க்கெட்டில். பெருநாளுக்கு அழைத்திருந்தான். வேலை எப்படி என்று கேட்டேன். "இதுவும் நிக்கிற வேலதான் சேர். சனமும் கூட. ஆனா எத்தின மணிக்கு முடியும் எண்டு தெரியும். முடிஞ்சா நான் என்ட பாட்டுக்குப் போவன்" என்றான். சம்பளத்தை அவன் இரண்டாவதாகத்தான் சொன்னான்.

அதற்குப் பிறகு 11 ஆம் தரத்துக்குப் பரீட்சை நெருங்கும் வாரங்களில் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்குகிறேன். பாடத்திட்டத்தில் இல்லாத பாடம். 16 வயதுக்குக் குறைந்தவர்களை வேலைக்கு வைக்கக்கூடாது என்பதிலிருந்து தொடங்குவேன். வேலைக்குச் சேரும் முதல் நாள் கேட்க வேண்டியவற்றைக் கொப்பியில் எழுதச் சொல்வேன்: வேலை எத்தனை மணிக்கு முடியும், வாரத்தில் எந்த நாள் விடுமுறை, சம்பளம் எத்தனையாம் திகதி, சேமலாப நிதி அங்கத்துவ இலக்கம் என்ன, சாமான் குறைந்தால் யார் பொறுப்பு. 2016 இல் 10,000 ரூபாயாகத் தொடங்கிய தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆனதையும், 2026 ஜனவரியிலிருந்து 30,000 என்று சட்டம் சொல்வதையும் சேர்த்து எழுதுவார்கள். பிரச்சினை வந்தால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம், கொழும்பில் என்றால் நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களம் இருக்கிறது என்றும் சொல்வேன். "இதெல்லாம் கேட்டா வேல தருவாங்களா சேர்?" என்று ஒவ்வொரு வருடமும் ஒரு பிள்ளை கேட்கும். மரியாதையாகக் கேட்டால் நல்ல முதலாளி தருவார் என்பேன். மற்றவரிடம் சேராமல் இருப்பதும் ஒரு இலாபம்தான்.

சப்பாத்துக்கடை ஹாஜியாரிடம் பின்னொரு நாள் இந்த விடயங்களைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "சேர், படிச்சிக் குடுக்கிறது வேற, கடை நடத்துறது வேற" என்றார். அதுவும் சரிதான். ஆனால் நான் சலாம் சொல்லி இறங்கும்போது கூப்பிட்டு, "அந்த ஏழு வீதம் எண்டீங்களே, அதுக்கு அவங்க எத்தின மணிக்குக் கட பூட்டின?" என்று கேட்டார். எத்தனை மணிக்கு என்பது முக்கியமில்லை ஹாஜியார், சொன்ன மணிக்குப் பூட்டினார்கள் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பொடியன் உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டே எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான்.